பாடல் பெறாத திடல்கள்

தல யாத்திரை செல்வோரில் இருவகையினர் உண்டு. பெருங்கோயில்களை மட்டும் தரிசித்துத் திரும்புவோர் ஒரு வகையினர். பாடல் பெற்ற தலம் எத்துணைச் சிற்றூரில் இருப்பினும் தேடிச் சென்று காண்போர் மற்றொரு வகையினர். கால்பந்தாட்டத்தின் தாயகமாகிய இங்கிலாந்திலும் இவ்விரண்டாம் வகையினரைப் போன்ற அன்பர்கள் இருக்கின்றனர். அவர்களைக் ‘கிரௌண்ட்ஹாப்பர்’ என்பர். திடல்விட்டுத் திடல் தாவுவோர் என்பது அதன் பொருள்.

இங்கிலாந்தின் முதல் நான்கு போட்டித் தொடர்களிலும் ஆடும் கழகங்கள் 92. அவற்றின் திடல் ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டமேனும் கண்டவர்களுக்கென 1978ஆம் ஆண்டில் ‘தொண்ணூற்றிரண்டு சங்கம்’ நிறுவப்பெற்றது. ஆயினும், பலருடைய பயணம் அத்துடன் நின்றுவிடுவதில்லை. அத்தொடர்களுக்குக் கீழே நூற்றுக்கணக்கான சிறு கழகங்கள் உள. அவற்றின் ஆட்டத்தைக் காண வருவோர் சில நூறு பேரே. சில இடங்களில் அதனினும் குறைவு. அங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது?

ஷெஃபீல்டு நகரின் மேற்குப் பகுதியிலுள்ள சாண்டிகேட் சாலைத் திடலுக்குச் செல்வோம். 1860ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஹாலம் கழகமும் ஷெஃபீல்டு கழகமும் இங்கே மோதின. ஷெஃபீல்டு 2–0 என வென்றது. ஹாலம் கழகம் இன்றும் இதே திடலில் ஆடி வருகின்றது. உலகின் மிகப் பழைய கால்பந்தாட்டத் திடல் இதுவே எனக் கின்னஸ் நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ளது. இங்கிலாந்துக் கால்பந்தாட்டச் சங்கம் தோன்றி விதிகளை வகுத்ததோ 1863ஆம் ஆண்டில். ஆகவே, அவ்விதிகளுக்கும் மூத்தது இத்திடல்! இதன் தரை சரிவானது. இன்றைய பெருந்திடல்கள் யாவும் சமன் செய்யப்பட்டு ஒன்றுபோல் தோன்றுகின்றன. நிலத்தின் போக்கிற்கு ஆட்டம் இணங்கி நடந்த காலத்தை இச்சரிவு நமக்குக் காட்டுகின்றது.

ஆனால், பழம்பெருமை மட்டும் ஒரு திடலைக் காப்பாற்றிவிடாது. ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கேத்கின் பூங்கா உள்ளது. 1904இல் அந்நாட்டின் தொடரை வென்ற தேர்ட் லனார்க் கழகத்தின் இல்லமாக அது விளங்கியது. 1967இல் அக்கழகம் மறைந்தது. மக்கள் நின்று ஆரவாரித்த படிக்கட்டுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றினிடையே மரங்கள் வளர்ந்து நிற்கின்றன.

மான்செஸ்டருக்கு வடக்கேயுள்ள பெரி நகரின் கிக் லேன் திடலுக்கும் அந்நிலை வந்திருக்கக்கூடும். 1885 முதல் ஆட்டம் நடந்த இடம் அது. அங்கு ஆடிய கழகம் பணமுடையால் 2019 ஆகஸ்டில் தொடரிலிருந்து நீக்கப்பட்டது, திடலும் மூடப்பட்டது. ஆயினும், அவ்வூர் அன்பர்கள் அதனைக் கைவிடவில்லை. அரசின் நிதியுதவியோடும் நன்கொடையோடும் 2022இல் திடல் மீட்கப்பட்டது. 2023இல் அங்கு மீண்டும் பந்து உருண்டது.

இவ்விரு திடல்களின் கதையும் உணர்த்துவது யாது? திடலை வாழ்விப்போர் மக்களே என்பதாகும். பெருங்கழகங்களுக்குத் தொலைக்காட்சி வாயிலாகப் பெரும்பொருள் வந்து சேர்கின்றது. சிறு கழகங்களுக்கோ வாயிலில் பெறும் கட்டணமும் தேநீர் விற்ற காசுமே பெருந்துணை. இதனை உணர்ந்தே, பெருங்கழகங்களுக்கு ஆட்டமில்லாத நாளொன்றில் அருகிலுள்ள சிறு கழகத்தின் ஆட்டத்தைக் காணச் செல்லுமாறு மக்களை அழைக்கும் வழக்கம் 2010இல் அங்கே தொடங்கிற்று. தொலைவிலிருந்து வரும் அன்பரும் கட்டணம் செலுத்துகிறார். ஆட்டக் குறிப்பிதழ் ஒன்றை வாங்குகிறார். அருகில் நிற்கும் முதியவரிடம் அவ்வூர்க் கதையைக் கேட்கிறார். காணச் சென்றவர் காப்பவராகவும் ஆகிவிடுகிறார்.

மாணவர்களே! புகழ்பெற்ற திடலைக் காண எல்லோரும் செல்வர். அதனால் அதற்குக் குறைவொன்றும் இல்லை. நம் வரவால் வாழ்வது சிறு திடலே. உங்கள் ஊரிலும் அத்தகைய திடல் ஒன்று இருக்கும். ஒரு மாலைப்பொழுதில் அங்கே சென்று நில்லுங்கள். அதனை அமைத்தவர் யார், காத்து வருபவர் யார் எனக் கேட்டறியுங்கள். ஊரின் வரலாறு அங்கிருந்தும் தொடங்கலாம்.