சோழவரம் ஏரியின் கணக்கு

மழைக்காலம் வந்துவிட்டால், பத்திரிகையைப் பிரித்ததும் நம் வீடுகளில் தேடுவது ஏரிகளின் நீர்மட்டத்தைத்தான். சோழவரம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி என்று அங்கே கண்டிருக்கும். நாமும் அதை நம்பிப் படித்துவிட்டுக் காபியைக் குடிக்கிறோம். நம்மிடம் படிக்கும் சிறுவன் ஒருவன் மட்டும் அப்படி விடுவதாக இல்லை. "ஏரியை எந்தப் படியால் அளந்தார்கள் ஸார்?" என்று கேட்டான். வகுப்பில் சொல்லும் விடை போதாதென்று, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கே சென்றோம்.

கொசஸ்தலை ஆற்றுக்குக் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் ஓர் அணை இருக்கிறது. அங்கே திருப்பிய நீர் கால்வாய் வழியே சோழவரம் வருகிறது. பிறகு புழலுக்குச் செல்கிறது. ப்ரேஸர் என்னும் எஞ்சினீயர் 1866ல் வகுத்த திட்டம் இது. 1872ல் சென்னை நகருக்கு ஏரி நீர் கிடைத்தது. ஆற்றிலிருந்து கீழ்ப்பாக்கம் வரையில் தண்ணீர் தானாகவே ஓடிச் சென்றது.

தண்ணீர் எந்த சர்க்கார் உத்தரவுக்கும் கட்டுப்படுவதில்லை. மேடும் பள்ளமுமே அதற்குச் சட்டம். ஆகையால் கால்வாய் வெட்டுமுன், முக்காலியில் லெவல் கருவியை நிறுத்தி, எதிரே ஓர் ஆள் பிடித்திருக்கும் அளவுகோலை அதன் வழியே நோக்கி, அடிக்கு அடி மட்டம் குறித்துச் செல்ல வேண்டும். இவ்வித்தையைக் கற்பிக்க 1794ல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் எட்டுப் பையன்களுடன் ஒரு சர்வே பள்ளிக்கூடம் தொடங்கினார். கும்பினியார் தம் காரியத்துக்காக ஏற்படுத்திய அப்பள்ளி, கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியாக வளர்ந்து நம்மவர்க்கே பயன்பட்டது.

மேயர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940ல் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அஸ்திவாரம் இட்டனர். 1944ல் அது நிறைவேறியபோது பார்ப்பதற்கு அவர் இல்லை. அவர் பெயர் அங்கே நிலைத்திருக்கிறது. 1996ல் கண்டலேறிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் கால்வாயில் ஓடி, கிருஷ்ணா நீர் அதே பூண்டியை அடைந்தது. மட்டம் பார்த்தவர்களின் உழைப்பை இதைவிட நன்றாக எடுத்துக்காட்ட முடியாது.

சரி, ஏரியின் அடியை எப்படி அளப்பது? வற்றியிருந்தால் நிலத்தைப் போலவே அளக்கலாம். நீர் நிறைந்திருந்தால் படகு வேண்டும். முற்காலத்தில் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் கண்டார்கள். இப்போது படகிலிருந்து ஒலியை அனுப்பி, அது அடியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை அறிகிறார்கள். நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். படகு நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் சொல்லிவிடும்.

ஒரு தரம் அளந்தால் போதாதா? போதாது. ஆற்று நீரோடு வண்டலும் வருகிறது. பிள்ளைகளைக் கரையிலேயே உட்கார்த்தி ஒரு கணக்குப் போடச் சொன்னோம். ஒரு சதுர மைல் பரப்பில் ஓர் அடி வண்டல் படிந்தால், சுமார் 279 லட்சம் கன அடி நீருக்கு இடமில்லாமற் போகும். தலைக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டர் வீதம், அது ஏறக்குறைய 79 லட்சம் பேரின் ஒரு நாள் தண்ணீர்! 2019ம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடங்களுடன் காத்து நின்றவர்களுக்கு அந்த ஒரு நாளின் அருமை தெரியும்.

"அப்படியானால் பத்திரிகையில் வரும் எண் பொய்யா ஸார்?" என்றான் அச்சிறுவன்.

"அளந்த நாளில் அது மெய்தான், தம்பி. மறுபடியும் மறுபடியும் அளந்து, வண்டலை வாரி, எல்லைக் கல்லை நகர்த்தாமல் காத்தால்தான் அது மெய்யாகவே இருக்கும்" என்றோம்.