சென்னையில் நடுத்தர விடுதி: தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை

பெருநகரத்தின் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் என்ன கிடைக்கும் என்பதும், கட்டிலும் மின்விசிறியும் மட்டும் தரும் லாட்ஜில் என்ன கிடைக்கும் என்பதும் தங்கச் செல்பவருக்கு முன்கூட்டியே ஓரளவு தெரியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நடுத்தர விடுதிகளில்தான் ஒரே வாடகைக்கு முற்றிலும் வேறுபட்ட அறைகள் கிடைக்கின்றன. சென்னையில் ஓர் இரவுக்கு 4,000 ரூபாய் கொடுப்பவருக்கு அண்மையில் கட்டப்பட்ட விடுதியின் சிறிய, தூய்மையான அறையும் அமையலாம், பல பத்தாண்டுகளைக் கண்ட விடுதியின் விசாலமான, ஆனால் குழாய் ஒழுகும் அறையும் அமையலாம், குடியிருப்பு வீட்டை மாற்றியமைத்த சர்வீஸ் அப்பார்ட்மென்டின் ஜன்னலற்ற அறையும் அமையலாம். ஆகவே நட்சத்திரமும் இணைய மதிப்பெண்ணும் மிகக் குறைவாக உதவும் இடம் இந்த நடுப்படிதான். வந்த வேலை எங்கே நடக்கிறது, ஊருக்குள் வந்து சேரும் நேரம் எது, வரியோடு சேர்த்து இறுதி பில் எவ்வளவு, கட்டடம் எத்தகையது என்ற கேள்விகளே அங்கே தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை.

நடுத்தர விடுதி என்று இக்கட்டுரை குறிப்பது, ஓர் இரவு வாடகை ஏறத்தாழ 2,500 ரூபாயில் தொடங்கி 7,500 ரூபாயைத் தாண்டாத விடுதிகளை. மேல்வரம்பை வகுத்தது வரிச்சட்டம். அதன் காரணம் பின்னர் விளக்கப்படும்.

இந்தியாவில் விடுதிகளுக்கு நட்சத்திரத் தகுதி வழங்குவது ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் வகைப்படுத்தல் குழு. விடுதி உரிமையாளர் தாமே விண்ணப்பித்தால்தான் அக்குழு ஆய்வுக்கு வரும். வழங்கப்பட்ட தகுதி ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். விண்ணப்பிப்பது கட்டாயமில்லை என்பதால், நட்சத்திரமே இல்லாத நல்ல விடுதிகள் சென்னையில் ஏராளம். மறுபுறம், முன்பதிவுத் தளங்களில் விடுதியின் பெயருக்கு அருகே காணப்படும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் அமைச்சகம் வழங்கியவை அல்ல. வாடிக்கையாளர் மதிப்புரைகளைச் சேகரித்து வெளியிடுவதற்கு இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்னும் தரநிலையை வெளியிட்டது. அதுவும் தன்விருப்பத்தின்பாற்பட்டதாகவே தொடங்கியது. மொத்த மதிப்பெண்ணைக் காட்டிலும், கடைசி மூன்று மாதங்களில் குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்கள் எழுதியதைப் படிப்பதே பயனளிக்கும். சுடுதண்ணீர், கரப்பான், மூட்டைப்பூச்சி, முன்பணத்தைத் திருப்பித் தராமை போன்ற ஒரே குறை பலருடைய எழுத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அதை நம்பலாம்.

இடத்தைத் தேர்வதில்தான் வெளியூர்வாசிகள் இன்றும் பழைய வரைபடத்தை மனத்தில் வைத்திருக்கிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து பேருந்தில் வருபவர் கோயம்பேட்டுக்கு அருகில் அறை எடுப்பது 2002ஆம் ஆண்டுக்குப் பிறகு ஏறத்தாழ இருபதாண்டுகள் பொருத்தமான முடிவாக இருந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென் மாவட்டங்களுக்கான பேருந்துகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து எழும்பூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ரயிலிலும் மாற்றம் வந்திருக்கிறது. தாம்பரம் மூன்றாவது முனையமாக வளர்ந்துவிட்டதாலும், எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்புப் பணிகள் நடப்பதாலும், எழும்பூரில் கென்னட் லேனையும் காந்தி இர்வின் சாலையையும் ஒட்டியுள்ள விடுதிகளில் முன்பதிவு செய்யும் முன்னர், போகும் ரயிலும் திரும்பும் ரயிலும் எந்த நிலையத்தில் நிற்கின்றன என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்வது அவசியமாகிவிட்டது.

முனையத்துக்கு அருகில் தங்குவதைவிட மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தொலைவில் தங்குவதே இப்போது பெரும்பாலோருக்கு நன்மை தருகிறது. ஏறத்தாழ 54 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்கட்ட மெட்ரோ, விமான நிலையம், சென்ட்ரல், எழும்பூர், கோயம்பேடு, வடபழனி, கிண்டி ஆகிய இடங்களை இணைக்கிறது. நந்தனத்திலோ தேனாம்பேட்டையிலோ வடபழனியிலோ நிலையத்தை ஒட்டித் தங்குபவர் நகரத்தின் பெரும்பகுதியைப் போக்குவரத்து நெரிசலுக்கு வெளியே கடந்துவிட முடியும். நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் இரண்டாம் கட்டத்தின் கட்டுமானத்தால் தியாகராய நகர், மயிலாப்பூர், பழைய மாமல்லபுரம் சாலை ஆகிய பகுதிகளில் பல தெருக்கள் குறுக்கப்பட்டும் திருப்பிவிடப்பட்டும் உள்ளன. முன்பதிவுத் தளத்தில் இரண்டு கிலோமீட்டர் என்று காட்டப்படும் தொலைவு காலை ஒன்பது மணிக்கு முக்கால் மணி நேரமாக நீள்வது அங்கெல்லாம் இயல்பு. எனவே தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதை விட்டு, வேலை இருக்கும் அதே நாழிகையில் வரைபடச் செயலி காட்டும் நிமிடங்களில் அளக்க வேண்டும்.

வந்த வேலை மருத்துவமாக இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடுகிறது. 1983இல் அப்பல்லோ மருத்துவமனை தொடங்கப்பட்ட கிரீம்ஸ் சாலையைச் சுற்றி, மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் நோயாளிகளுக்காகவே விடுதிகள் பெருகியுள்ளன. அங்கே வங்க எழுத்துப் பலகைகளையும், உடன் வந்தவர்கள் சமைத்துக்கொள்ளச் சமையலறை இணைந்த அறைகளையும் காணலாம். பத்து நாள், பதினைந்து நாள் தங்க வேண்டிய நோயாளிக்கு வரவேற்பறையின் பளிங்குத் தரையால் பயனில்லை. ஸ்டிரெச்சரோ சக்கர நாற்காலியோ நுழையும் அளவுக்கு லிப்ட் இருக்கிறதா, லிப்டை அடையும் முன்பே நான்கு படி ஏற வேண்டியிருக்கிறதா, மேற்கத்தியக் கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா, மருத்துவர் இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொன்னால் அதே வாடகையில் அறை நீட்டிக்கப்படுமா என்பவற்றைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வதே அவருக்குத் தேவை. நோயாளியோடு வருபவர்கள் கேட்கத் தயங்கும் கேள்விகள் இவை, தயங்க வேண்டியதில்லை.

திருமணத்துக்கும் துணிக்கடைக்கும் வருவோர் தியாகராய நகரை நாடுகிறார்கள். முகூர்த்த நாள்கள் அடுத்தடுத்து வரும் மாதங்களிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் அங்கே வாடகை ஏறும். திருமணமில்லாத மார்கழியிலோ இசை விழாவால் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை அறைகள் நிரம்பும்.

வாடகைக்கு அடுத்ததாகப் பணத்தைத் தின்பது கடிகாரம். 24 மணி நேர செக்-அவுட் என்றால், அறைக்குள் நுழைந்த நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை ஒரு நாள். நண்பகல் செக்-அவுட் என்றால், எப்போது வந்தாலும் மறுநாள் பகல் 12 மணியோடு நாள் முடிகிறது. மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வரும் இரவு ரயில்கள் விடியற்காலையில் சென்னையை அடைவதால், தமிழ்நாட்டுப் பயணிக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. வெள்ளி காலை 6 மணிக்கு அறைக்கு வந்து சனி இரவு 9 மணிக்குப் புறப்படுபவர் தங்குவது மொத்தம் 39 மணி நேரம். 24 மணி நேர முறையில் அதற்கு இரண்டு நாள் வாடகை. நண்பகல் முறையில், விடியற்காலை நுழைவுக்கு ஒன்று, வெள்ளி நண்பகல் முதல் சனி நண்பகல் வரை ஒன்று, சனி மாலைக்கு மற்றொன்று என்று மூன்று நாள் வாடகை வரை போகலாம். 24 மணி நேர முறை எழும்பூர், பெரியமேடு பகுதிகளின் பழைய விடுதிகளில் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. தொடர் நிறுவனங்களின் விடுதிகளில் அது அரிது. தொடர் நிறுவன விடுதியில் தங்க விரும்புபவர், அறை காலியாக இருந்தால் முன்னதாகவே தருவார்களா, அதற்குக் கட்டணம் எவ்வளவு, புறப்படும் நாளில் பெட்டிகளை ரிசப்ஷனில் வைத்துவிட்டுச் செல்லலாமா என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

இனி பில். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் ஒன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட வாடகைக்கு 18 விழுக்காடு தொடர்கிறது. தள்ளுபடி போக உண்மையில் வசூலிக்கப்படும் தொகையின் மீதே வரி கணக்கிடப்படும். 7,500 ரூபாய் அறை வரியோடு 7,875 ரூபாயாகிறது. 7,600 ரூபாய் அறையோ 8,968 ரூபாயாகிறது. நூறு ரூபாய் கூடுதல் வாடகைக்காக 1,093 ரூபாய் கூடுதலாகச் செலுத்த நேரும் இந்த எல்லைக்கோட்டில் நிற்பவர், சற்றே பேரம் பேசிக் கீழே வருவது அறிவுடைமை. வெளிமாநில நிறுவனத்தின் செலவில் வருபவர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: தங்கும் சேவை விடுதி இருக்கும் மாநிலத்திலேயே வழங்கப்பட்டதாக வரிச்சட்டம் கொள்வதால், தமிழ்நாட்டில் பதிவு பெறாத நிறுவனம் அந்த வரியை உள்ளீட்டு வரவாக, அதாவது தான் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, பெற இயலாது.

இணையத்தில் முதலில் ஒரு விலையைக் காட்டி, பணம் செலுத்தும் கட்டத்தில் வரி, சேவைக் கட்டணம், வசதிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளுள் ஒன்றாக அறிவித்துள்ளன. இன்னும் ஓர் அறைதான் மீதமிருக்கிறது என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அப்பட்டியலில் உள்ளது. உணவு பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று அதே ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்களை, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. புகாருக்கு 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலைப் பொறுத்தவரை நிலைமை வேறு: விடுதிகளும் உணவகங்களும் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது.

தளத்தில் விலையைப் பார்த்தபின் விடுதிக்கே நேரடியாகத் தொலைபேசியில் பேசுவது இரு வகையில் உதவும். முன்பதிவு நிறுவனத்துக்குத் தரவேண்டிய தரகுத்தொகை மிச்சமாவதால் சில விடுதிகள் வாடகையைக் குறைக்கின்றன. அதைவிட முக்கியமாக, புகைப்படத்தில் தெரியாதவற்றைக் கேட்க முடிகிறது: ஜன்னல் தெருவைப் பார்க்கிறதா, காற்றே வராத குறுகிய இடைவெளியைப் பார்க்கிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, விளக்கு மட்டும் எரியுமா, மாடியில் பாரோ அடுத்த மனையில் திருமண மண்டபமோ இருக்கிறதா. கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் சென்னையில் நியாயமான கேள்வியே. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது பல விடுதிகள் லாரித் தண்ணீரை நம்பியே நாளைக் கடத்தின. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருபவர், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் நீர் சூழ்ந்த வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் தரைத்தள அறையைத் தவிர்ப்பது நலம்.

அடையாள அட்டை இல்லாமல் எந்த விடுதியும் அறை தராது. ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைக்கப்பட்ட படியைக் கொடுக்கலாம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் தமிழர்கள் உள்ளிட்ட வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால், பலகாலம் சி படிவம் என்று அழைக்கப்பட்டுவந்த விவரத்தை விடுதி 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் பதிய வேண்டும். அந்தப் பணியைச் செய்ய விரும்பாத சிறிய விடுதிகள் வாசலிலேயே மறுத்துவிடுவதுண்டு என்பதால், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் முன்பதிவின்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். மணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. எனினும் உள்ளூர் முகவரி கொண்டவர்களை ஏற்பதில்லை என்பது போன்ற சொந்த விதிகளை விடுதிகள் வைத்திருக்கின்றன.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றை முன்பதிவுப் பக்கம் எதுவும் காட்டுவதில்லை: தீப்பிடித்தால் வெளியேறும் வழி. 2019 பிப்ரவரியில் தில்லி கரோல் பாக் பகுதி விடுதி ஒன்றில் 17 பேர் இறந்தனர். 2025 ஏப்ரலில் கொல்கத்தாவின் படாபஜார் விடுதித் தீயில் குறைந்தது 14 பேர் இறந்தனர். கரூரிலிருந்து சென்ற ஒரு குடும்பத்தின் சிறு குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். இவை இரண்டும் வணிகப் பகுதிகளில், சாதாரணக் குடும்பங்களும் வியாபாரிகளும் தங்கும் விடுதிகள். இத்தகைய கட்டடங்களில் தீயைக் காட்டிலும் புகையே கூடுதலாக உயிர் பறிக்கிறது. திறக்க முடியாத ஜன்னலும், மூட்டை அடுக்கப்பட்ட படிக்கட்டும் அதற்குத் துணைபோகின்றன.

ஆகவே அறைக்குப் பெட்டி வந்து சேர்ந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, லிப்டைத் தவிர்த்துப் படிக்கட்டு வழியாக ஒருமுறை தரைத்தளம் வரை இறங்கிப் பார்ப்பது. அறைக்கும் படிக்கட்டுக்கும் இடையே எத்தனை கதவுகள், இரண்டாவது படிக்கட்டு உண்டா, அதன் கதவு பூட்டப்பட்டிருக்கிறதா, ஜன்னலை உள்ளிருந்து திறக்க முடிகிறதா என்பதை ஐந்து நிமிடத்தில் அறிந்துவிடலாம். பூட்டிய கதவைத் திறந்துவைக்கக் கேட்டும் விடுதியினர் மறுத்தால், கொடுத்த முன்பணம் திரும்பக் கிடைக்காது என்றாலும், வேறு விடுதிக்குப் போய்விடுவதே சரியான முடிவு.