அமெரிக்க ஐஸ் வந்து இறங்கிய திருவல்லிக்கேணி

திருவல்லிக்கேணியில் ஐஸ்ஹவுஸ் போலீஸ் நிலையம் இருக்கு. ஐஸ் எங்கே என்று கேட்டால் ஏரியாவாசிகளே முழிப்பாங்க. மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுத் திரும்பும் பலர், எதிரே நிற்கும் வட்டக் கட்டிடத்துக்குள் நுழைவதே இல்லை.

1842-ல் அமெரிக்க வியாபாரி பிரெடரிக் டியூடர் கட்டிய ஐஸ் கிடங்கு அது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டு வந்தார்கள். வழியில் உருகியது போக மிச்சம் துரைமார் டம்ளருக்கு! இங்கேயே மெஷினில் ஐஸ் தயாரானதும் வியாபாரம் படுத்துவிட்டது.

பிறகு வக்கீல் பிலிகிரி அய்யங்கார் வாங்கி வீடாக்கினார். அமெரிக்கா போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் இங்கு 9 நாள் தங்கினார். இப்போது இது விவேகானந்தர் இல்லம். கீழே கண்காட்சி. அவர் தங்கிய மாடி அறையில் சத்தமில்லாமல் தியானம் செய்யலாம்.