பேரம் பேசாத ஆள்

போகி நெருங்குகிறது. 'வேண்டாத சாமானை ஆன்லைனில் விற்பது லாபமா, தலைவலியா? எழுதித் தாருங்கள்' என்றார் ஆசிரியர். இதற்காக நான் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்த டிரெட்மில் ஒன்றே போதும்.

32,000 ரூபாய்க்கு வாங்கியது. நான்கு மாதம் அதில் நாங்கள் ஓடினோம். நான்கு வருஷம் துணி காய்ந்தது. துடைத்து, எண்ணெய் விட்டு, வெளிச்சம் பார்த்து போட்டோ எடுத்து 12,000 என்று போட்டேன். பதினோராவது நிமிஷம் முதல் மெசேஜ்: "இருக்கா?" இருக்கிறது என்றேன். அதோடு ஆள் காணாமல் போனார். அடுத்தவர், "லாஸ்ட் எவ்ளோ ப்ரோ?" என்றார். மெஷின் ஓடுகிறதா என்றுகூடக் கேட்கவில்லை, எடுத்த எடுப்பிலேயே கடைசி விலை. ஒருவர் 3,000 தருகிறேன் என்றார். இன்னொருவர் பதிலுக்கு ஒரு கிட்டார் தருகிறாராம், கம்பி இரண்டுதான் இல்லையாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு நிச்சயம் வருகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவருக்காக, ஒரு வளைகாப்புக்குப் போகாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மாலையில் கூப்பிட்டால் போனை எடுக்கவும் இல்லை. வளைகாப்புக் கோபம் வீட்டில் இன்னும் ஆறவில்லை என்பது தனிக்கதை.

பத்தொன்பதாவது நாள் 4,500-க்குப் போனது. வந்தவர் கீழே குட்டியானையை நிறுத்திவிட்டு மாடிப்படியை அண்ணாந்து பார்த்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "இறக்குற கூலி உங்களோடது சார்" என்றார். இரண்டு பேருக்கு 600, வண்டி வாடகையில் பாதி 700. என் கைக்கு வந்தது 3,200. கிட்டத்தட்ட முதல் வாரத்திலேயே ஒருவர் கேட்ட விலை!

ஆன்லைன் ஏலம் என்ற சமாச்சாரம் 1995-ல் அமெரிக்காவில் கிளம்பியபோது முதலில் விலைபோனது ஓர் உடைந்த லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. உடைந்தது என்று தெரிந்துதான் எடுத்தீர்களா என்று விற்றவரே கேட்க, உடைந்ததைத்தான் நான் சேகரிக்கிறேன் என்றாராம் எடுத்தவர். அப்படிப்பட்ட ஆட்கள் இருந்தால் ஏலத்தில் விலை ஏறும். இங்கே ஏலம் விட்ட பெரிய தளம் 2018-ல் கடையைக் கட்டிவிட்டது. இப்போது இருப்பதெல்லாம் 'விலை போடு, போன் வரும்' ரகம்.

நமக்குப் பழகிய ஏலம் வேறு. ஏலச்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவர் தள்ளுத் தொகையை ஏற்றிக்கொண்டே போவார். யார் அதிகம் இழக்கத் தயாரோ, சீட்டு அவருக்கு. பழைய சாமான் விற்பதும் அச்சு அசலாக அதுதான். மாசக் கடைசியில் வீடு காலி செய்ய வேண்டியவரின் பீரோவுக்கு என்ன விலை கிடைக்கும் என்று அந்த வீட்டு வாட்ச்மேனைக் கேட்டாலே சொல்வார். 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டிலும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்டார்கள். ஆனால் கேட்டவனின் முகம் எதிரே இருந்தது. முறைத்துவிட்டாவது வரலாம்.

போகட்டும், அலைச்சலும் நஷ்டமும் பணத்தோடு போகிறது. எனக்குப் பயமே வேறு. இருபது பேர் பேரம் பேசி நம்மைச் சலிக்கவைத்த பிறகு, இருபத்தொன்றாவதாக ஒருவன் வருவான். அவன் பேரமே பேச மாட்டான்.

எங்கள் அடுக்ககத்தின் முதல் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியார். மூட்டு வலிக்கென்று மகன் சாய்வு நாற்காலி வாங்கி அனுப்பியதால், கூடத்திலிருந்த தேக்குச் சட்டம் போட்ட சோபாவுக்கு இடமில்லை. 9,000 என்று போட்டார். பன்னிரண்டு நாள் அவருக்கும் அதே கதைதான்: இருக்கா, லாஸ்ட் எவ்ளோ, ரெண்டாயிரத்துக்குத் தர்றீங்களா தாத்தா?

பதின்மூன்றாம் நாள் ஒருவன் கூப்பிட்டான். ராணுவத்தில் இருக்கிறானாம், சென்னைக்கு மாற்றலாம். வார்த்தைக்கு வார்த்தை சார். சீருடையில் எடுத்த போட்டோவோடு ஓர் அடையாள அட்டையையும் அனுப்பினான். "விலை ஓகே சார். முழுப் பணமும் இப்பவே போட்டுடறேன், பையன் வந்து எடுத்துப்பான்." சரிபார்ப்பதற்கு என்று முதலில் ஐந்து ரூபாய் போட்டான். நிஜமாகவே வந்தது. அடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு. "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க சார், ஒன்பதாயிரம் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்." போட்டார். ஒன்பதாயிரம் போய்விட்டது. "ஐயோ, சர்வர் எரர் சார்! அதையும் சேர்த்து பதினெட்டாயிரமா திருப்பி அனுப்பறேன்" என்று இன்னொரு கோடு. அதையும் ஸ்கேன் செய்தார். ஆக மொத்தம் 27,000. ஆறே நிமிஷம்.

அன்று இரவு அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டியபோது போனைக் கையில் பிடித்திருந்த விதமே சரியில்லை, சூடான பாத்திரத்தைப் பிடித்ததுபோல விரல் நுனியில் பிடித்திருந்தார். "பணம் வர்றதுக்கு எதுக்கு சார் பின் நம்பர்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "பன்னெண்டு நாளா எல்லாரும் என்னை பிச்சைக்காரன் மாதிரி பேசினாங்கப்பா. இவன் ஒருத்தன்தான் மரியாதையா பேசினான்" என்றார்.

யுபிஐ வந்தது 2016-ல். இத்தனை வருஷமாகியும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லாமல் விட்டோம். பணம் வருவதற்கு பின் நம்பர் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். கணக்கை விட்டுப் பணம் போவதற்குத்தான் அந்த நம்பர்; மிஞ்சினால் இருப்புப் பார்க்க. சந்தைக்கடையில் ஸ்கேன் செய்வது நாம் பணம் கொடுக்கத்தானே? அந்தச் சாதாரணக் கேள்வி அந்த ஆறு நிமிஷத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை, கணக்கு வாத்தியாருக்கே தோன்றவில்லை. தனிநபருக்குத் தனிநபர் 'பணம் அனுப்பு' என்று கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். அந்த வாசல் அடைபட்டது, கியூஆர் வாசல் அடைபடவில்லை.

1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டோம். ஏமாந்த உடனே கூப்பிட வேண்டிய எண் அது. பணம் கணக்கு மாறி கணக்கு போவதற்குள் தடுத்து நிறுத்த முடிந்தால் உண்டு. நாங்கள் கூப்பிடும்போது பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. வெட்கத்தில் கழிந்த அந்த இரவுதான் திருடனுக்குக் கிடைத்த அவகாசம்.

விற்க ஆசைப்படுகிறவனுக்கு வலை இன்னொரு பக்கமும் விரிகிறது. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று வரும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். நோட்டை யாரும் வாங்குவதில்லை. 'கமிஷன்', 'வரி' என்று சொல்லி நம்மிடம்தான் கறக்கிறார்கள். தன் பெயரையும் சின்னத்தையும் வைத்து இந்த வசூல் நடக்கிறது, நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. விளம்பரம் இன்னும் வருகிறது.

ஆன்லைனில் நல்ல விலை பார்த்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் என் நண்பர் பழைய ஃபிலிம் கேமராக்களை அப்படித்தான் விற்கிறார், நன்றாகவே சம்பாதிக்கிறார். அவருக்குப் பொருளும் தெரியும், வாங்குகிறவரையும் தெரியும், பொறுமையும் உண்டு. சோபா விற்கிறவருக்கு மூன்றில் ஒன்றுகூட இருப்பதில்லை.

அந்தச் சோபா இப்போது தெருமுனையில் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில், புங்க மரத்தடியில் கிடக்கிறது. இஸ்திரிக்காரரை அழைத்துச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சாயங்காலம் நடைக்குப் போகும்போது பெரியவர் அதில் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறார். விளம்பரத்தை எப்படி நீக்குவது என்று அவருக்குத் தெரியாது, என்னிடம் கேட்கவும் இல்லை. நேற்று அவரோடு நானும் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. எடுத்து, எதிர்முனையைக் கேட்டுவிட்டு, "இல்லப்பா, போயிடுச்சு" என்று வைத்துவிட்டார்.