வைகைக் கரையை விட்டுப் போன பன்றிகள்

மதுரைக் கோரிப்பாளையத்தில் கறி என்றால் ஆட்டுக்கறி. தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் பன்றிக்கறிக் கடையை யாரும் தேடவும் மாட்டார்கள், எதிர்பார்க்கவும் மாட்டார்கள். ஆனால் முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஏ.வி. பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் பன்றி கண்ணில் படாமல் இருக்காது. செல்லூர் கண்மாயின் உபரித் தண்ணீரை வைகைக்குக் கொண்டு சேர்க்கும் பந்தல்குடி கால்வாய் மெல்லச் சாக்கடையாகிவிட்டது. ஆற்றிலோ, தண்ணீர் வரும் சில வாரங்கள் தவிர, கழிவுநீர்க் குட்டைகள்தான். கறுப்புப் பன்றிகள் குட்டிகளோடு அங்கே புரண்டுகொண்டிருக்கும்.

அவை அநாதைப் பன்றிகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு, அடையாளமும் உண்டு. காலையில் அவிழ்த்துவிட்டால் போதும், தீனிச் செலவு கிடையாது. குப்பைத்தொட்டி, காய்கறிக் கழிவு, திறந்தவெளியில் மனிதர் ஒதுங்கும் இடம், எல்லாமே மேய்ச்சல் நிலம். நகரத்தின் அழுக்கைச் சம்பளம் வாங்காமல் தின்று தீர்த்த பிராணியைத்தான் நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருந்தோம். இத்தனைக்கும் இது சொக்கநாதர் பன்றியாக வந்து, தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுத்ததாகத் திருவிளையாடற்புராணம் சொல்லும் ஊர். அந்தக் குட்டிகள் பிறகு பாண்டியனுக்கு மந்திரிகளானதாகவும் கதை போகிறது. புராணத்தில் கிடைத்த மரியாதை தெருவில் கிடைக்கவில்லை.

கறி தின்றவர்கள் இல்லாமலில்லை. ஆட்டுக்கறி வாங்க முடியாதவர்கள் தின்றார்கள். சில காவல் தெய்வங்களுக்குப் பன்றி பலி உண்டு. மூலத்துக்கு நல்லது என்று சொல்லி மருந்தாகச் சாப்பிட்டவர்கள் வேறு. அதை வீட்டுக்கு வெளியே தனிச் சட்டியில் சமைத்து, வெளியிலேயே தின்று முடித்துவிடுவார்கள்.

அன்றைய சீனக் கிராமத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். வீட்டுக்கு ஒன்றிரண்டு பன்றி, அடுக்களை மிச்சம், பல இடங்களில் கழிப்பிடத்துக்குக் கீழேயே தொழுவம். 1978இல் சீனாவின் பன்றிக்கறி உற்பத்தி ஒரு கோடி டன்னைக்கூடத் தொடவில்லை. 2023இல் ஏறத்தாழ 5.8 கோடி டன். உலகப் பன்றிக்கறியில் பாதிக்கு அருகில் அந்த ஒரு நாட்டில் உற்பத்தியாகிறது. ஆசியாக் கண்டத்தின் கணக்கை ஏற்றுவதும் இறக்குவதும் அதுதான். அடுக்களை மிச்சத்தால் இவ்வளவு பன்றி வளராது. மக்காச்சோளமும் கப்பலில் வந்திறங்கும் பிரேசில் சோயாவும் வளர்த்தவை இவை. ஹூபே மாகாணத்தின் எஜோ நகரில் பன்றிக்காகவே 26 மாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள்.

நம் ஊரில் அதே மக்காச்சோளமும் சோயாவும் வேறு பிராணியின் வயிற்றுக்குப் போயின. உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கத்தில் ஒப்பந்த முறையில் பிராய்லர் கோழி வளர்ப்பு பரவியதும், ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடைக்கு வந்த கோழி மதுரைத் தெருக்கள்வரை வந்து நின்றது. இந்தியாவின் இறைச்சி உற்பத்தியில் இன்று ஏறத்தாழப் பாதி கோழி. பன்றி ஐந்து சதவீதம்கூட இல்லை. சீனாவில் மலிவுக்கறி என்ற நாற்காலியில் பன்றி உட்கார்ந்தது, இங்கே கோழி உட்கார்ந்துவிட்டது. மதம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பன்றி எதைத் தின்கிறது என்பதைத் தினமும் கண்ணால் பார்த்த ஊர் இது. என் கணக்கில், அந்தக் கறியைக் கெடுத்ததில் நம் திறந்த சாக்கடைக்குத்தான் பெரிய பங்கு.

அருவருப்போடு பயமும் சேர்ந்தது. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளிகள் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், வேலூர்ப் பகுதியில். வயலில் பெருகும் கொசு பரப்பும் அந்த வைரஸ், பன்றியின் உடலில் பல மடங்காகும். இதையெல்லாம் ஆராய்வதற்காக 1985இல் மத்திய அரசு தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் கோரிப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே, சின்ன சொக்கிகுளத்தில் அமைந்தது. நாடாப்புழுவின் கதை இன்னும் மோசம். மனித மலத்தைத் தின்ற பன்றியின் சதையில் புழுக்கூடு, அரைவேக்காட்டுக் கறி வழியாக மனிதக் குடலில் புழு, மறுபடி மலத்தில் முட்டை. அந்த முட்டை கீரையிலோ தண்ணீரிலோ சேர்ந்துவிட்டால், பன்றிக்கறியே தொடாதவருக்கும் மூளையில் கட்டி, வலிப்பு. மாநகராட்சி வண்டிகள் பன்றிகளைப் பிடித்துப் போனபோது வருத்தப்பட்டவர்கள் வளர்த்தவர்கள் மட்டுமே. இத்தனை காலம் ஊரைத் துப்புரவாக்கியதற்கு அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இன்று பன்றி நகரத்துக்கு வெளியே, கொட்டகையில். நிறமும் மாறிவிட்டது. பெரிய வெள்ளை யார்க்‌ஷயர் ரகமும் அதன் கலப்பினங்களும்தான் பண்ணைகளில். சென்னைக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக நிலையம் பல்லாண்டாக இவற்றை வளர்த்து ஆராய்ந்து, பண்ணையாளருக்குப் பயிற்சியும் கொடுக்கிறது. சினைக்காலம் 114 நாள். ஒரு ஈற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு குட்டி. ஞாயிற்றுக்கிழமை சாலையோரக் கடையின் பலகை ‘வெண்பன்றி இறைச்சி’ என்று அழுத்திச் சொல்கிறது, சாக்கடைப் பன்றி இல்லை என்பதற்கான உத்தரவாதமாக. உள்ளூரில் வாங்குபவர் குறைவு. பெரிய சந்தை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில்.

கொட்டகைக்கு மாறினாலும் தீனி அடியோடு மாறிவிடவில்லை. ஹோட்டல், விடுதி, கல்யாண மண்டபம் ஆகியவற்றில் மிஞ்சும் சோறும் குழம்பும் டிரம்மில் ஏறிப் பண்ணைக்குப் போகிறது. முன்பு பன்றி குப்பையைத் தேடி வந்தது, இப்போது குப்பை வண்டி பிடித்துப் பன்றியிடம் போகிறது. அடர்தீவனம் மட்டும் போட்டு வளர்த்தால் சிறு பண்ணைக்குக் கட்டுப்படியாகாது.

ஆபத்து அந்த டிரம்மிலேயே இருக்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொற்றாது. பன்றியைப் பெரும்பாலும் விட்டுவைக்காது. சமைக்காத, சரியாக வேகாத கறி மிச்சத்திலும் அந்த வைரஸ் உயிரோடிருக்கும். 2018 ஆகஸ்டில் சீனாவின் ஷென்யாங்கில் தொடங்கியது. அந்த ஆண்டு 5.4 கோடி டன்னாக இருந்த உற்பத்தி 2020இல் 4.1 கோடிக்குச் சரிந்தது. அதே 2020இல் நோய் அசாமுக்கு வந்தது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பிலேயே, அதாவது நோய் வருமுன்பே, இந்தியாவின் பன்றிகள் முந்தைய கணக்கெடுப்பின் 1.03 கோடியிலிருந்து 90.6 லட்சமாகக் குறைந்திருந்தன. 2022 ஜூலையில் வெளிமாநிலப் பன்றிக்குக் கேரளம் தடை போட்டது, அதே மாதம் வயநாட்டுப் பண்ணைகளிலும் நோய் தெரிந்தது. அந்தக் குளிர்காலத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தன. காரணம் இதே நோய் என்று சோதனை சொன்னது.

டிரம்மில் வருவதைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் போடுங்கள் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். கொதிக்கவைக்க விறகு வேண்டும், ஆள் வேண்டும். கோழித் தீவன ஆலைகளும் போட்டி போட்டு வாங்கும் மக்காச்சோளத்துக்கு மாறலாம் என்றால், விலை கையைக் கடிக்கிறது. கேரளம் கிலோவுக்கு என்ன விலை கொடுக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பண்ணைக்காரர் அடுப்பு மூட்டுவதா என்று முடிவு செய்கிறார்.