கிளிக் கேட்டால் கையை எடுங்கள்

‘கார்பன் சைக்கிள் வாங்கினேன். சீட் போஸ்ட் போல்ட்டை இறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும் என்கிறார்கள். இத்தனை வருடம் கைக்கணக்கில்தானே இறுக்கினோம்?’ என்று கேட்டிருக்கிறார் கோவை வாசகர் ஒருவர்.

கைக்கணக்கு இரும்போடும் அலுமினியத்தோடும் பழகியது. அளவு மீறினால் அவை நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் இழை நீளவாக்கில் இழுத்தால் எஃகுக்கு ஈடுகொடுக்கும். சுற்றி வளைத்து நெரித்தாலோ உள்ளுக்குள் அடுக்கடுக்காகப் பிரியும். மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். சீட் போஸ்ட் கிளாம்ப்பில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். 12 செ.மீ. ஆலன் கீயின் நுனியில் நாலு கிலோ தொங்கினால் வரும் முறுக்கு, அவ்வளவுதான். கார் சக்கர நட்டுக்கு 100 வரை தேவைப்படும். ஆகவே கார் மெக்கானிக்கின் ரெஞ்ச் இங்கே உதவாது, சிறியதாக வாங்குங்கள்.

1918-இல் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர், குழாய் இணைப்பு போல்ட்டுகளை ஆட்கள் அளவுக்கு மேல் முறுக்குவதைத் தடுக்க உருவாக்கியது இந்தக் கருவி.

எனக்குப் பிடித்த விநோதம் ஒன்று உண்டு. போல்ட் எவ்வளவு இறுகியது என்பதை டார்க் ரெஞ்ச் அளப்பதே இல்லை. திருப்ப எவ்வளவு சிரமம் என்பதைத்தான் அளக்கிறது. நாம் போடும் பலத்தில் தோராயமாகப் பாதி போல்ட் தலைக்கடியில் உராய்வாகவே போய்விடும். மரையில் இன்னொரு 40 சதவீதம். மிஞ்சுகிற பத்துதான் பிடிப்பாக மாறுகிறது. எண்ணெய் காணாத எங்கள் ஊர்க் கிணற்று ராட்டினத்தில் அரைக்குடமும் முழுக்குடமாகக் கனக்கும், அதே கதைதான். மரையில் கிரீஸ் தடவினால், ரெஞ்ச் அதே 5-ஐக் காட்டும்போதே பிடிப்பு கூடியிருக்கும்.

சீட் போஸ்ட்டில் கிரீஸ் பூசினால் நேர்மாறு: அது வழுக்கும், ஆள் இன்னும் முறுக்குவார், ஒருநாள் விரிசல் விடும். அங்கே பூச வேண்டியது கார்பன் பேஸ்ட். நறநறக்கும் நுண்மணிகள் கலந்த களிம்பு. பிடிமானத்தைக் கூட்டிக் குறைந்த இறுக்கத்திலேயே நிற்கவைக்கும். அச்சிட்ட எண்ணைப் பெரும்பாலும் உச்சவரம்பாகவே கொள்ளுங்கள். 4-இல் தொடங்கி, நழுவினால் மட்டும் ஏற்றலாம்.

லட்சம் கொடுத்துச் சைக்கிள் வாங்குகிறவர்கள் சில ஆயிரம் ரூபாய் ரெஞ்சுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். வாங்கியவர்களும், வைத்த அளவை எட்டியதும் ரெஞ்ச் எழுப்பும் ‘கிளிக்’ கேட்டபிறகு ‘டைட்டா இருக்கட்டும்’ என்று இன்னொரு இழுப்பு இழுக்கிறார்கள். கிளிக் ரெஞ்ச் தானாக நிற்காது. இழுத்தால் இறுகிக்கொண்டே போகும். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றவும் அதையே எடுக்கிறார்கள். அதற்குச் சாதாரண ஆலன் கீ போதும். வேலை முடிந்ததும் அளவைக் கீழ்எல்லைக்கு இறக்கி வையுங்கள், உள்ளே ஸ்பிரிங் தளராமல் இருக்கும்.