தொலைபேசி நெரிசலும் ஏர்லாங்கின் சூத்திரமும்

இரு நிலையங்களுக்கிடையே எத்தனை தொலைபேசி வழிகள் அமைத்தல் வேண்டும்? மணித்தியாலத்துக்கு 60 அழைப்புக்கள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரி 2 நிமிடம் நீடிக்கின்றது எனக் கொள்வோம். மொத்தம் 120 நிமிடப் பேச்சு. ஆகவே இரண்டு வழிகள் போதுமெனக் கூட்டற்கணக்குக் கூறும். ஆயின் மக்கள் முறைவைத்துப் பேச வருவாரல்லர். ஒரு கணத்தில் ஐவர் பேச விழைவர், மறுகணத்தில் ஒருவருமிலர். இரண்டே வழிகள் இருப்பின் ஐந்தில் இரண்டு அழைப்புக்கள் இடம் பெறாது திரும்பிவிடும்.

இந்நெரிசலை நிகழ்தகவுக் கணிதத்தால் ஆராய்ந்தவர் கோப்பனேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணியாற்றிய ஏர்லாங் என்னும் டேனிய அறிஞர். 1909இல் அவர்தம் முதற் கட்டுரையும், 1917இல் இழப்புச் சூத்திரமும் வெளிவந்தன.

அச்சூத்திரத்தைப் படிப்படியாகக் கணிக்கலாம். வழியே இல்லையெனின் இழப்பு 1. முன்னைய இழப்பைச் சுமையாற் பெருக்குக. வந்ததை, அதனோடு வழிகளின் எண்ணைக் கூட்டிய தொகையால் வகுக்க. மேற்கூறிய சுமை 2. எனவே ஒரு வழிக்கு இழப்பு 2/3, இரண்டுக்கு 2/5, மூன்றுக்கு 4/19, நான்குக்கு 2/21. ஆறு வழிகளிலும் இழப்பு நூற்றிலொன்றைச் சிறிது விஞ்சும். ஏழாவது வழியோடுதான் அதனிற் குறையும். மாணவர் தாமே கணித்துப் பார்ப்பாராக.

பொறியியலாளருக்கு நிறுவல் வேண்டியதில்லை, அட்டவணை வேண்டும். சூத்திரம் அட்டவணையாயிற்று, அளக்கவேண்டியது சுமை என்னும் ஓர் எண்ணே. பேச்சுக்களின் நீளம் எவ்வாறு பரம்பியிருப்பினும் சராசரி மாறாவிடின் விடை மாறாது. இதன் பெறுமதி இதிலேயே உள்ளதென்பது என் கருத்து. 10 அலகுச் சுமையுடைய இரு தொகுதிகளுக்குத் தனித்தனி 18 வழிகள் வேண்டும். ஒன்றுசேர்ப்பின் 36 அன்று, 30 போதும். (இழப்பு ஈண்டும் நூற்றிலொன்று.) அவ்வலகுக்கு 1946இல் ஏர்லாங் என்றே பெயரிடப்பட்டது.

கணினி வலையமைப்புக்களில் இவ்வெளிமை நிலைக்கவில்லை. பெல்கோர் ஆய்வுகூடத்து அளவீடுகளைக்கொண்டு லேலண்ட், தக்கூ, வில்லிங்கர், வில்சன் ஆகியோர் 1994இல் வெளியிட்ட கட்டுரை, போக்குவரத்தின் கொந்தளிப்பு நீண்ட காலக்கூறுகளை நோக்கினும் தணிவதில்லையெனக் காட்டியது. அதே ஆண்டில் பின்லாந்தின் நோரொஸ், சராசரி, மாறற் குணகம், தன்னொப்புமைச் சுட்டி என்னும் மூன்றே எண்களாலாய மாதிரியுருவொன்றைத் தந்தார். பொறியியலாளர் கையாளத்தக்க சுருக்கமே. ஆனால் மூன்றாம் எண்ணை அளக்க நெடுநேரம் பிடிக்கும். அந்நேரத்துள் காலைப் போக்குவரத்து நண்பகற் போக்குவரத்தாக மாறிவிடுகின்றது.